ராட் என்னிடம், கேப் அவரிடம்

மார்ச் 4, புதன்

காலையில் ஒரு மேல்தாடை பல் செட் முடித்தேன். மதியம் உடைந்துபோன கீழ்த்தாடை ஒன்றை ஒட்டினேன். மாலையில் என் வீட்டுக்காரர் மீது போர் தொடுத்தேன். மற்றபடி சாதாரண நாள்தான்.

விஷயம் இது. அடுத்த மாதம் குன்றுப் பாதைப் போட்டி. கார்கள் ஒவ்வொன்றாக உச்சிக்கு ஏற வேண்டும். யார் சீக்கிரம் ஏறுகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. ஒரு காருக்கு ஒரே ஓட்டுநர் என்பது கிளப் விதி. எங்களிடம் இருப்பதும் ஒரே கார். வருடா வருடம் எஞ்சினைக் கட்டுவது நான், ஓட்டுவது அவர். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவராம், அதனால் ஓட்டுவது அவருடைய பிறப்புரிமையாம். போன வருடம் கடைசி வளைவில் என் எஞ்சினைக் கதறக் கதற மிதித்து, கோடு தாண்டியதோடு கொன்றதும் அதே பிறப்புரிமைதான்.

இன்று சாப்பிடும்போது, "இந்த வருஷம் நான் ஓட்டறேன்" என்றேன். கோபப்பட்டிருந்தால் விட்டிருப்பேன். சிரித்தார்.

மாடியில் இருக்கும் நாத்தனார்தான் தீர்ப்புச் சொன்னார். என் வீட்டுக்காரரின் அக்கா, கணக்கு டீச்சராக இருந்தவர், எதையும் சமமாகப் பிரித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். ஷெட்டில் ஒரே மாதிரி இரண்டு எஞ்சின் பிளாக், அதாவது வெறும் எஞ்சின் கூடு, கிடக்கிறது. ஆளுக்கு ஒன்று. "யாரோட எஞ்சின் முதல்ல ஸ்டார்ட் ஆகி, நான் ஒரு டம்ளர் டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்காம ஓடுதோ, அது காருக்குள்ள போகும். அதக் கட்டினவங்கதான் ஓட்டணும். அப்புறம் அழக்கூடாது."

வீட்டுக்காரர் கை கொடுத்தார். நான் அந்தக் கையை நசுக்கினேன்.

மார்ச் 7, சனி

எங்கள் இருவர் கையிலும் வீச்சு கூடிய கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டனை இன்னும் உயரம் தூக்கும் சுழல்தண்டு. அவர் போன வருடம் ஒன்று போதாதென்று இரண்டாக வாங்கிவந்தது. இப்போது வயிறெரிந்துகொண்டே ஒன்றை என் பக்கம் தள்ளினார். வீச்சு கூடினால் எஞ்சினின் கொள்ளளவு கூடும், இழுவை கூடும். ஆனால் பிஸ்டன் முன்பைவிட நான்கு மில்லிமீட்டர் மேலே ஏறும். பழைய கனெக்டிங் ராடைப் போட்டால் பிஸ்டன் நேராக எஞ்சின் மண்டையில் முட்டும். ஆக, நான்கு மில்லிமீட்டர் குட்டையான ராட் வேண்டும். அதுவும் நான்கு, அதுவும் உறுதியாக.

நாத்தனார் ராட் என்றால் என்னவென்று கேட்டார். "தையல் மிஷின்ல மிதிக்கிற பலகையையும் சக்கரத்தையும் சேர்த்து ஒரு கம்பி இருக்கும்ல அண்ணி, அதுதான். இங்க பலகைக்குப் பதிலா பிஸ்டன்."

"அந்தக் கம்பி எங்கிட்டயே ஒண்ணு இருக்கே, வேணுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரரிடம் கேட்டிருந்தால் வாங்கிக்கொண்டாலும் கொண்டிருப்பார்.

மார்ச் 8, ஞாயிறு

தன்னுடைய வெர்னியர் அளவுகோலைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் ஏன் எடுக்கப் போகிறேன்? (நான் பல் கட்டும் லேபில், பல் பெட்டிகளுக்குப் பின்னால்.)

மார்ச் 12, வியாழன்

இன்று நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன்.

பழைய இரும்புக்கடையில் ஒரு சரக்கு வேன் எஞ்சின் வந்திருப்பதாகத் தெரிந்தது. அந்த வேனைத் தயாரிப்பதையே எப்போதோ நிறுத்திவிட்டார்கள். இனி எங்கும் கிடைக்காது. லேபுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். ராடை வெளியே எடுத்து அளந்தால், ஐயோ, சரியாக அந்த நான்கு மில்லிமீட்டர் குட்டை! வரம் கேட்டு வாங்கியதுபோல. சின்ன முனை நம் பிஸ்டனுக்குப் பொருந்துகிறது. பெரிய முனையின் உள்வட்டத்தைச் சரியாக அளக்க வேண்டும் என்றேன். கடைக்காரர் நட்டுகளைக் கழற்றி, பெரிய முனையின் கீழ்ப்பாதியான கேப்புகளை எடுத்துத் தனியாக ஒரு தட்டில் வைத்தார். நான் ஒவ்வொன்றாக மாட்டி அளந்து, கழற்றி, திரும்பத் தட்டில் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து சந்துக்குள் டிரைவிங் ஸ்கூல் கார் நுழைந்தது. யாரோ ஒரு மாணவர் ஓட்ட, குதித்துக் குதித்து, இரண்டு தரம் நின்று. பாடம் நடத்துகிற சாக்கில் இரும்புக்கடைக்கு வருகிறார் மனுஷன்! ராடுகளை வாரிப் பைக்குள் போட்டு, நட்டுகளை அள்ளி, காசைக் கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் பறந்தேன். வழியெல்லாம் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பையைத் திறந்தேன். ராட் நான்கு. நட்டு எட்டு. கேப்?

தட்டிலேயே.

ஓடிப் போய்க் கேட்டால் கடைக்காரர் தலையைச் சொறிகிறார். "சார் வந்தாரு மேடம். அந்த நாலும் வேணும்னாரு. குடுத்தேன். நீங்க விட்டுட்டுப் போனதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சாயந்திரம் அவர் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் எதையோ கனமாக வைத்திருந்தார். என் கேப். மூன்று என்று எண் வெட்டியது.

மார்ச் 13, வெள்ளி

கத்தினேன். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"கேப்பு மட்டும் வெச்சு என்ன பண்ணுவீங்க? பொரிச்சுத் தின்னுவீங்களா?"

"நீ ராடு மட்டும் வெச்சு என்ன பண்ணுவியோ, அதையேதான் டாக்டரம்மா."

நான் டாக்டர் இல்லை, பல் கட்டுகிறவள். வம்பு செய்யும்போது மட்டும் டாக்டரம்மா.

ராடும் கேப்பும் பிறக்கும்போதே ஒன்றாக மாட்டி ஒன்றாகக் கடையப்பட்டவை. ஒன்றின் கேப் இன்னொன்றுக்குச் சேராது. மாற்றிப் போட்டால் வட்டம் வட்டமாக இருக்காது. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆக இந்த வீட்டில் இப்போது இரண்டு பேர் ஆளுக்குப் பாதி எஞ்சினை மடியில் கட்டிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். "ராடக் குடு, நான் ஓட்டறேன்." "கேப்பக் குடுங்க, நான் ஓட்டறேன்." நடுவில் நாத்தனார் ஊறுகாய் கேட்கிறார்.

மார்ச் 15, ஞாயிறு

கேப் வரும்போது வரட்டும், ராடைத் தயார் செய்வது என்று உட்கார்ந்தேன். கழுவி, சிவப்பு மையைத் தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி. விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். நான்கிலும் இல்லை. அப்பாடா.

அடுத்தது பக்கவாட்டில் ஓடும் அச்சு வரம்பு. வார்ப்பு இணைந்த இடத்தில் சொரசொரவென்று நிற்கும் மேடு. விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். பல் செட்டை மழிக்கிற சின்ன மோட்டாரும் கல்லும் என்னிடம் இருக்கின்றன, வேறென்ன வேண்டும்? நீளவாக்கில் மட்டுமே தேய்க்க வேண்டும். குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் விரிசலுக்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாக ஆகும். முதல் ராட் முடிந்தபோது கடவாய்ப் பல்போல வழவழத்தது. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். இதைப் பார்த்துச் சந்தோஷப்பட வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், அவரிடம் காட்டவும் முடியாது!

அவர் அறையிலிருந்தும் உப்புத்தாள் சத்தம். காதை வைத்துக் கேட்டேன். கேப்பைப் பாலிஷ் போடுகிறார். திமிர்.

மார்ச் 17, செவ்வாய்

லேத் பட்டறை அண்ணனிடம் போனேன். வேறு கேப்பை ஒட்டுப்போட முடியுமா?

"முடியும்மா. முகத்தச் சீவி, போல்ட்டு துளையச் சரிபண்ணி, திரும்பக் கடையணும். நீளம் கொஞ்சம் போகும். ஆனா நான் பண்ணமாட்டேன்."

"ஏண்ணே?"

"தண்ணி இறைக்கிற எஞ்சினா இருந்தா பண்ணுவேன். இத மிதிச்சுக்கிட்டு மேல ஏறப் போறீங்க. கேப்பு விட்டுச்சுன்னா ராடு பிளாக்க ஒடச்சுக்கிட்டு வெளிய வரும். உள்ள உக்காந்திருக்கறது நீங்க."

ராடுகளைத் திரும்பப் பையில் போட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

இரு தரப்பிலும் சோதனை நடவடிக்கைகள்.

என் தரப்பு: அவர் பீரோ, ஷூக்கள், டிரைவிங் ஸ்கூல் மேசை, பாடம் நடத்த அவர் வைத்திருக்கும் பொம்மைச் சிக்னல் விளக்கின் உள்பக்கம். கிடைத்தது: எனக்குத் தெரியாமல் தின்னும் மிட்டாய். தின்றுவிட்டேன்.

அவர் தரப்பு: நான் இல்லாத நேரம் லேபில் புகுந்து, ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே முப்பது தாடை அவரைப் பார்த்துச் சிரித்ததும் பெட்டியைக் கீழே போட்டிருக்கிறார். லேபில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் வெர்னியரை எடுத்துப் போய்விட்டார்.

நாத்தனார் இரு தரப்புக்கும் உளவு சொல்கிறார். இரு தரப்பிலும் பஜ்ஜி வாங்கிக்கொள்கிறார்.

மார்ச் 22, ஞாயிறு

இன்று விளையாட்டு பிடிக்கவில்லை.

கிளப்பிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். "சார் இந்த வருஷமும் ஓட்டறாருதானே?" இன்னும் முடிவாகவில்லை, நான் ஓட்டலாம் என்றேன். "நீங்களா? ஓ. சரி, சார் வந்ததும் பேசச் சொல்லுங்க."

சார் வந்ததும்! எத்தனை வருஷம்? ஒவ்வொரு வால்வையும் இந்தக் கையால தேச்சு உக்கார வெச்சது யாரு? போன வருஷம் கோடு தாண்டினதும் கூட்டமா வந்து அவர் முதுகத் தட்டினாங்க. ஒரு ஆளு எங்கிட்ட வந்து, "நீங்க சாப்பாடு கொண்டாந்திருக்கீங்களா?" அப்படின்னான். நானும் சிரிச்சுக்கிட்டே இல்லைன்னு சொன்னேன். ஏன் சிரிச்சேன்? அன்னிக்குச் சிரிச்சதுதான் இன்னிக்கு வரைக்கும் எரியுது.

கோப்பை வேண்டாம். அவர் தோற்க வேண்டும் என்றும் இல்லை. நான் கட்டிய எஞ்சின் என் கால் சொல்வதைக் கேட்டு மேலே ஏறும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். அது இவ்வளவு பெரிய ஆசையா?

இதை அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. சொன்னால் அழுதுவிடுவேன், அழுதால் இரக்கப்பட்டுத் தருவார். இரக்கப்பட்டுத் தந்தால் எனக்கு வேண்டாம்.

மார்ச் 23, திங்கள்

ஒரு யோசனை. லேபில் பல் அச்சுக்குப் பிளாஸ்டர் கலக்கும்போது வந்தது. மூன்று பல்லில் கோணல் வந்துவிட்டது, அவ்வளவு சிரிப்பு.

மார்ச் 25, புதன்

சாப்பாட்டு நேரம். அவர் வாயில் முதல் கவளம். நான் போனில், யாருமே இல்லாத போனில்: "ஆமாண்ணே! இன்னொரு வேனோட கேப்பு. மாட்டிப் பாத்தேன், அப்படியே உக்காந்துருச்சு. நூல் அளவு கூட வித்தியாசம் இல்ல. நாளைக்கே எஞ்சின மூடிடறேன்."

அவருக்குப் புரையேறியது. தண்ணீர் கொடுத்தேன். மனைவியின் கடமை.

"வேற கேப்பா?" என்றார்.

"ம்."

"நாலுமா?"

"நாலும்."

"இருக்கவே முடியாது."

"சாம்பார் ஊத்தவா?"

அதன்பிறகு அவர் எதையும் மென்றதாகத் தெரியவில்லை. விழுங்கினார். எனக்குத் தெரியும், அவரால் தாங்க முடியாது. பொய் சொல்கிறாள் என்று விட்டுவிடலாம். ஆனால் ஒருவேளை நிஜமாக இருந்தால்? வேறு ராடின் கேப் நூல் பிசகாமல் பொருந்துகிறதென்றால் எஞ்சின் தெரிந்த எவனும் அளந்து பார்க்காமல் தூங்கமாட்டான். அளக்க வேண்டுமென்றால் பக்கத்தில் வைத்து ஒப்பிட அசல் கேப் வேண்டும். அசல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தானே தெரியும்!

மார்ச் 26, வியாழன்

காலையில் பையை மாட்டிக்கொண்டு "லேபுக்குப் போறேன்" என்று கத்திவிட்டுத் தெருவைச் சுற்றி வந்து நாத்தனார் வீட்டு மாடியில் ஏறி, ஷெட் தெரியும் ஜன்னலருகே உட்கார்ந்தேன். ஷெட்டில் ராட் நான்கும் மேசைமேல் வரிசையாக, கேப் மாட்டி, நட்டு போட்டு. கேப் எல்லாம் என் கைவண்ணம். பிளாஸ்டர். பல்லையே நிஜம்போலச் செய்கிறவளுக்கு அரைவட்டம் ஒரு பெரிய விஷயமா? காய்ந்ததும் பென்சில் கரியைத் தேய்த்து, எண்ணெய்த் துணியால் ஒரு துடை. இரும்பென்று இரும்பே நம்பும்.

பதினோரு மணி வகுப்பை ரத்து செய்துவிட்டு வந்தார். பூனைபோல ஷெட்டுக்குள் நுழைந்தார். கையில் டிபன் பாக்ஸ்! தினமும் என் கையாலேயே கழுவிக் கொடுத்தது காலை டப்பா. இது வேறு, அவரே கழுவி வைத்துக்கொள்ளும் மதிய டப்பாவாம். கேப்புகள் அதற்குள்ளேயே ஊர் சுற்றிக்கொண்டிருந்திருக்கின்றன.

நானும் நாத்தனாரும் சத்தமில்லாமல் இறங்கி வாசலில் நின்றோம். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, என் கேப்பின் வெளிப்பக்கத்தை வெர்னியரால் லேசாகக் கவ்வினார். பொலபொலவென்று உதிர்ந்தது. விரலில் ஒட்டியதை முகர்ந்து பார்த்தார்.

"என்னங்க, இன்னிக்கு கிளாஸ் இல்லையா?"

அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கையும் களவுமாக, மூக்கில் பிளாஸ்டரோடு.

"இது ஏமாத்து" என்றார்.

"ஆமா."

"அக்கா, நீயே சொல்லு, இது ஏமாத்து."

"ஆமாண்டா தம்பி," என்றார் நாத்தனார், "டப்பாவத் தொற."

வீட்டுக்காரர் சிரிக்கத் தொடங்கினார். இந்த முறை வேறு சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. நானும். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து பிளாஸ்டர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் எண்கூட வெட்டியிருந்தேன், அசலில் இருந்ததுபோலவே. அதைக் கவனித்ததும் சிரிப்பு நின்றது.

"இவ்வளவு ஆசையா உனக்கு?"

"ஆமா."

அவர் டப்பாவைத் திறந்து கேப்புகளை ஒவ்வொன்றாக, அதனதன் எண்ணுள்ள ராடின் அருகில் வைத்தார். பாலிஷ் என்றால் அப்படியொரு பாலிஷ். என் ராடைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

அவர் தன் பிளாக்கைத் துணிபோட்டு மூடிவிட்டு என் பக்கம் வந்து நின்றார். வேலைக்காரன் வேண்டுமா என்றார். சோதனைக் காலத்தில் வைத்துப் பார்க்கிறேன் என்றேன்.

புது போல்ட் போட்டோம். பழையதை நம்புவதற்கில்லை. லேத் அண்ணன் கேப் மாட்டிய பெரிய முனைகளைத் திரும்ப வட்டமாகக் கடைந்து கொடுத்தார். பிறகு எடை பார்த்தோம். ஒரு முனையை நூலில் தொங்கவிட்டு மறுமுனையை லேப் தராசில் வைத்து, பெரிய முனை தனி, சின்ன முனை தனி. எது இருப்பதிலேயே லேசோ அதன் அளவுக்கு மற்ற மூன்றையும் கொண்டுவர வேண்டும். அவர் ராவினார், நான் நிறுத்தேன். மூன்றாம் எண்தான் குண்டு. "பேப்பர் மேல உக்காந்து உக்காந்து ஊதிடுச்சு" என்றேன்.

ஏப்ரல் 2, வியாழன்

ராடையும் பிஸ்டனையும் மாட்டி கிராங்கைக் கையால் சுற்றினேன். நன்றாகத்தான் சுற்றியது. "நிறுத்து" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிளாக்கில் காதை வைத்தார். "இன்னொரு தடவ. மெதுவா." இரண்டாம் சிலிண்டரின் அடிவிளிம்பில் போல்ட் தலை உரசுகிறது. வீச்சு கூடிய கிராங்க் ராடை இன்னும் அகலமாக வீசும் அல்லவா? அது எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் திரும்பக் கழற்றி விளிம்பைக் கொஞ்சம் செதுக்கினோம்.

அவர் சும்மா இருந்திருக்கலாம். நான் ஸ்டார்ட் செய்யும்போது அது தானே இறுகி நின்றிருக்கும், அதே ராடுகளைத் தன் பிளாக்கில் மாட்டி ஜெயித்திருக்கலாம். சும்மா இருக்கவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஓடியது! முதல் முயற்சியில் இல்லை, நாலாவதில். நாத்தனார் டீயை வேண்டுமென்றே சொட்டுச் சொட்டாகக் குடித்தார். எஞ்சின் நிற்கவில்லை. அடித்தொண்டையில் உறுமுகிறது.

அவர் கிளப்புக்குப் போன் போட்டார். ஓட்டுபவர் பெயரென்று என் பெயரைச் சொன்னார். முழுப் பெயர், இனிஷியலோடு. அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "நானா? நான் அவங்க வீட்டுக்காரர்" என்று வைத்துவிட்டார். நான் எண்ணெய் டப்பாவை எடுக்கிறதுபோல வெளியே போய்விட்டேன்.

ஏப்ரல் 18, சனி

நாளை. "வளைவுக்கு முன்னாடியே பிரேக்க விட்டுரு" என்று அவர் சொன்னது எட்டாவது முறை. ஒன்பதாவது முறை சொன்னால் தூக்கிப் போட்டு மிதிப்பேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பதினொன்றாவது இடம். பத்தொன்பது பேரில்.

மூன்றாவது வளைவில் கியரைத் தவறவிட்டேன். கார் ஒரு நொடி முனகியது. உடனே பிடித்துவிட்டேன். அப்புறம் ஒரு நேர்ப்பாதை. மிதித்தேன். அது போனது பாருங்கள், யாரைப் பாருங்கள் என்கிறேன், இதை யார் படிக்கப் போகிறார்கள்! முதுகை இருக்கையோடு சேர்த்து அழுத்தியது. உள்ளே நான்கு ராடும் ஒன்றாக, ஒரே எடையில், மேலும் கீழும் போய்க்கொண்டிருப்பது காலில் தெரிந்தது. நிஜமாகவே தெரிந்தது. நான் வாய்விட்டுக் கத்திக்கொண்டே கோட்டைத் தாண்டினேன்.

அவர் ஓடி வந்தார். கியரைப் பற்றி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடினார். பானெட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு, "நல்லா கட்டியிருக்க" என்றார். கொஞ்சம் கழித்து, "நல்லா ஓட்டின" என்றார். இரண்டாவதற்குக் கொஞ்சம் கஷ்டப்பட்டார். அதனால்தான் எனக்கு அது அவ்வளவு பிடித்தது.

திரும்பும்போது பழக்கதோஷத்தில் ஸ்டியரிங் பக்கக் கதவுக்குப் போனார். சாவி என் கையில் இருந்தது. சுற்றி வந்து மறுபக்கம் உட்கார்ந்தார்.

இத்தனை வருடமும், வேறு யார் ஓட்டினாலும், பக்கத்து இருக்கையில் அவர் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில்கூட முன்னால் பார்த்துக்கொண்டேதான் வருவார். இன்று ஊர் எல்லை தாண்டுவதற்குள் தலை சாய்ந்தது. பெரிய சாலைக்கு வந்தபோது குறட்டை.

வீட்டு வாசல் வந்தது. நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று போய் வந்தேன்.